கணக்கில் வராத மாத்திரை

முதுகில் கத்தி வைக்க நான் சம்மதித்தது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். கக்கூசுக்கு நானே நடந்து போக வேண்டும். நானே உட்கார வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் நானே எழுந்து வர வேண்டும். மறுபடி ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும், பழையபடி ஓடியாட வேண்டும் என்கிற பேராசையெல்லாம் எனக்கு அப்போதே விட்டுப்போயிருந்தது. இந்த ஒன்று போதும் என்று டாக்டரிடமே வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு மேலயே நடப்பீங்கம்மா" என்றார்.

அப்போது என் இடது கால் பாதி மரத்துப்போயிருந்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. பின்னால் வருகிறவர்கள் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. கக்கூசில் உட்கார்ந்தால் எழ வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவேன். வெளியே நிற்கும் என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். நான் குரலை உயர்த்தினால் குழாயடிச் சண்டை நின்றுபோகும் என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவள் "ஏங்க, தூக்கிவிடுங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிடுவதைத் தெருவே கேட்டது. வலியைவிட அந்த அவமானம்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டியது.

எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். என் வீட்டுக்காரர் வாழை மண்டியில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். விடிவதற்கு முன்னால் ஜீப் கிளம்பிவிடும். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு அங்கே வரைமுறையே கிடையாது. கடைசியில் வந்தவள் முந்தி வந்தவள் மடியில் உட்கார வேண்டியதுதான். மேலே போனால் வேலை முழுக்கத் தரையில். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கிறது. குத்தவைத்துக் குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரு தூர் முடிந்தால் எழாமல் அப்படியே நகர்ந்து அடுத்த தூருக்குப் போக வேண்டும். மழை வந்தால் தலைக்கு மேல் பிளாஸ்டிக் கொங்காணி, காலில் அட்டை. சாயங்காலம் நிமிரும்போது இடுப்புக்குள்ளிருந்து சத்தம் வரும். புதிதாக வந்த சிறுபெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச வருஷத்தில் அவர்களுக்கும் அந்தச் சத்தம் வந்துவிடும்.

இதற்குத்தான் செட்டு. ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து மருந்துக்கடை எங்களுக்காகவே இருட்டோடு திறக்கும். "அண்ணே, ஒரு செட்டு" என்றால் போதும். என்ன வலி, எங்கே வலி என்ற பேச்சே கிடையாது. உள்ளங்கைக்கு அடக்கமான காகிதப் பொட்டலத்தில் கலவையாகச் சில மாத்திரைகள் இருக்கும். வலிக்குப் பெரிதாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, வயிற்றுப் புண் வராமலிருக்க ஒன்று, பிறகு மிளகு பருமனில் சின்னதாக ஒரு வெள்ளை. டீயோடு போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினால், மெட்டு ஏறுவதற்குள் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

"செட்டு போட்டாச்சா?" என்று கேட்பது எங்களுக்குள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது மாதிரி. போடாமல் வந்தவளுக்கு இன்னொருத்தி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பாள். அதை ஒருவரும் மருந்து என்று சொல்லி நான் கேட்டதில்லை. மருந்து என்றால் சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் டப்பாவில் போட்டு வைத்து வேளைக்கு வேளை விழுங்குவது. நோயாளிகள் சாப்பிடுவது மருந்து. வேலைக்குப் போகிறவர்கள் போடுவது செட்டு. இந்தப் பாகுபாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வருஷம் போகப்போக என் முகம் உருண்டு வந்தது. கன்னம் உப்பியது, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. ஜீப்பில் எப்போதும் என்னை ஒட்டி உட்காருகிறவள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். அவளுக்கும் அதே மாதிரி முகம் உருண்டிருந்தது. "மலைக்காத்து நமக்கு ஒத்துக்கிருச்சு மதினி" என்று அவள் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஒட்டிய கன்னத்தோடு வாழ்க்கைப்பட்டு வந்தவள் இல்லையா நான். கையில் எங்கே லேசாக இடித்தாலும் கன்றிப்போய் நீலம் பாய்ந்ததை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் செட்டுக்கும் அடங்காத ஒரு நாள் வந்தது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு தன் இடத்தைவிட்டு முன்னால் நழுவி, நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். திருகாணி போட்டு, கம்பி வைத்து, இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஒட்டிவிட்டால் பயமில்லை. திருகாணி தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், மிச்ச வேலையை எலும்பே பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். இளவயது மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். தெரு முழுக்க வேண்டாம் என்றது. முதுகில் கத்தி வைத்தவர்கள் எழுந்ததில்லை என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "சுகர் இருக்காம்மா? பிரஷர்? ஆஸ்துமா? தைராய்டு? ஹார்ட்டுக்கு ஏதாவது?" என்று ஒரே மூச்சில் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். "வேற எதுக்காவது தெனமும் மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்."

என் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. "அவளுக்கு ஒரு சீக்கும் கெடையாது சார். காய்ச்சல்னுகூட ஆஸ்பத்திரி வாசல மிதிச்சவ இல்ல" என்றார்.

டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முகம் எப்பவுமே இப்பிடித்தானா?"

"முன்ன ஒல்லியாத்தான் சார் இருந்தா. இப்பக் கொஞ்ச வருசமா நல்லாச் சதை போட்டுருக்கா" என்று சிரித்தார் இவர். டாக்டர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்.

இதில் யார் பொய் சொன்னது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது. காப்பி குடிப்பீர்களா, வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டிருந்தால் அந்த வரிசையில் செட்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவர் மருந்து என்று கேட்டார். கம்பத்தில் ஜீப் ஏறுகிற எந்தப் பொம்பளையைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் படுக்கவைத்துக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்போம்.

ஆபரேஷன் நடக்கும்போதே ரத்த அழுத்தம் கீழே இறங்கிவிட்டதாம். அவர்கள் தூக்கி நிறுத்திவிட்டார்கள். கண் விழித்தபோது காலில் மரமரப்பு குறைந்திருந்தது. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும்கூட நிற்கவில்லை. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், வலியைத் தாங்க எனக்குத் தெரியும். இது வேறு. உடம்பில் சத்து என்று ஒன்று இல்லாமல் வடிந்துபோயிருந்தது. தலையைத் தூக்கினால் கண் இருட்டியது. ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. நடக்கப் பழக்குகிற பெண் இரும்புச் சட்டத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினால், நின்ற இடத்திலேயே வியர்த்துச் சரிந்தேன். வலி ஊசியின் மயக்கமாக இருக்கும் என்று அதைக் குறைத்தார்கள். அப்போது வலியும் வந்து சேர்ந்துகொண்டது. உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள்.

"ஆபரேஷன் நல்லா வந்துருக்கும்மா. நரம்பு விட்டுருச்சு. ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க?" என்று எலும்பு டாக்டர் கேட்டார். அவர் குரலில் கவலைதான் இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பயந்தாங்கொள்ளிப் பொம்பளை, நோவு பொறுக்காதவள் என்று காதுபடப் பேசினார்கள். மழையில் அட்டைக்கடியோடு காய் எடுத்தவளைப் பார்த்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து உட்காரத் தெம்பு இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்போதுதான் மதினி பார்க்க வந்தாள். ஒரு பை ஆரஞ்சுப் பழம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இம்புட்டுப் பெரிய ஆபரேசனப் பண்ணிப்புட்டு உன்னைய வெறுமனே போட்டு வச்சிருக்காகளே மதினி" என்றவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "நம்ம செட்டுதான். நீ இங்கன என்ன பாடு படுறியோன்னு காலையில கடையில சொல்லி வாங்கியாந்தேன். போடு."

போட்டேன். எப்போதும் போடுவதைத்தானே போடுகிறோம் என்று போட்டேன்.

சாயங்காலம் எனக்குப் பசித்தது. இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் அவள் விட்டுப்போன இன்னொரு பொட்டலம். அன்று இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினேன். நடக்கப் பழக்குகிற பெண் கை தட்டினாள். டாக்டர் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "இவுங்களப் பாருங்க, ரெண்டே நாள்ல எப்பிடி எந்திரிச்சுட்டாங்கன்னு" என்று என்னைக் காட்டினார். திருப்பூரிலிருந்து என் மகள் செல்போனில் நான் நடப்பதைப் பார்த்து அழுதாள். என் வீட்டுக்காரர் ஊருக்கு மாற்றுத் துணி எடுக்கப் போனபோதெல்லாம் மறக்காமல் செட்டும் வாங்கி வந்தார். தேனியில் கிடைக்காமல் இல்லை, எங்கள் ஊர்க் கடையில் வாங்கினால்தான் எனக்குக் கேட்கிறது என்பது அவர் எண்ணம்.

அந்த நாட்களில் ஒரு நாள் நான் தனியாகக் கக்கூசுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் நாற்காலி மாதிரி உயரமாகக் கட்டியிருந்தார்கள். இவர் எழுந்து கூட வந்தார். "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாள் போட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது எனக்கு. உட்கார்ந்தேன், எழுந்தேன், கை கழுவினேன். கதவைத் திறப்பதற்கு முன்னால் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வாழ்க்கையில் நான் கேட்டது கிடைத்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான்.

பிறகு முதுகில் கட்டு நனைய ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் மாதிரி கசிந்தது, பிறகு வாடை வந்தது. காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் பதறவில்லை. நானும் நன்றாக நடந்துகொண்டிருந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தையல் விட்டு, உள்ளே சீழ் கோத்திருந்தது. அவர்கள் என்னைத் திருப்பிப் படுக்கவைத்து விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியிலிருந்து பொட்டலம் கீழே விழுந்தது.

டாக்டர் அதை எடுத்துப் பிரித்தார். உள்ளங்கையில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தச் சின்ன வெள்ளையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார். "இது என்னம்மா?"

"அது செட்டு சார்" என்றேன்.

"எவ்வளவு காலமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர், "அது மருந்தில்ல சார். சும்மா வேலைக்குப் போறப்பப் போடுறது. தோட்டத்துக்குப் போற எல்லாருந்தான் போடுறாக" என்று சிரித்தபடி சொன்னார். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இது ஸ்டீராய்டும்மா" என்றார். "உடம்பு தானாவே இந்த மாதிரி ஒண்ணச் சுரந்துக்கிட்டு இருக்கும். நீங்க வருசக்கணக்கா வெளியில இருந்து போடவும், இனி நமக்கு வேலை இல்லன்னு உடம்பு சுரக்கிறத நிறுத்திருச்சு. ஆபரேஷன் மாதிரி ஒரு பெரிய அடி விழுறப்ப அதுதான் உடம்பத் தாங்கணும். உங்ககிட்ட அது இல்ல. அதான் தலை தூக்க முடியாமக் கெடந்தீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஊசியில அளவாக் குடுத்துருப்போம்."

"இதப் போட்டதும் நல்லாத்தான சார் ஆச்சு?" என்றேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"எந்திரிக்க வச்சதும் இதுதான். புண்ண ஆற விடாம பண்ணுனதும் இதுதான். உள்ள சீழ் பிடிச்சாலும் காய்ச்சலக்கூடக் காட்ட விடாது." அடுத்து அவர் சொன்னதுதான் என் தலையில் இறங்கியது. "இத்தனை வருசத்துல எலும்பையும் கரைச்சிருக்கும். இந்தப் பெரிய மாத்திரை இருக்கே, வலிக்குப் போடுறது, அதுவும் இப்ப அளவில்லாமப் போட்டா எலும்பு ஒட்டுறதக் கெடுக்கும். எலும்பு ஒட்டுறதுக்குத்தான நாம இவ்வளவும் பண்ணினோம்."

இவர் பதறிப்போய், "இனி ஒண்ணுகூடக் குடுக்க மாட்டேன் சார். இப்பவே தூரப் போட்டுர்றேன்" என்று பொட்டலத்தைப் பிடுங்கப் போனார்.

"நிறுத்தக் கூடாது!" என்று டாக்டர் இப்போதுதான் கத்தினார். "திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து." அன்று அவர் எழுதித் தந்த சீட்டில் அந்தச் சின்ன வெள்ளையின் வகையிலேயே ஒன்றுதான் இருந்தது. முந்தானையில் முடிந்து வந்தது போய், இனிமேல் அட்டையில் அச்சடித்த பெயரோடு வரும். முதன்முறையாக அது மருந்து ஆனது. நானும் அன்றைக்குத்தான் நோயாளி ஆனேன்.

புண்ணை மறுபடி திறந்து கழுவினார்கள். கிருமிக்கு ஏற்றிய மருந்தில் கை நரம்பெல்லாம் கல்லாகிப்போனது. வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, ஒருவழியாகப் புண் மூடி வீட்டுக்கு வந்தோம். வலிக்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையைத் தவிர எதையும் தொடக்கூடாது என்றிருந்தார்கள். எலும்பு ஒட்ட வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு கட்டிலில் புரளும்போது முதுகுக்குள் ஏதோ நகர்வது தெரிந்தது. நல்லாயிருந்த வலது காலுக்கும் வலி இறங்கியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். திருகாணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. ஊறிப்போன மண்சுவரில் அடித்த ஆணி மாதிரி ஆடுகிறது என்றார் டாக்டர்.

அந்தச் சின்ன வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிளேடால் பாதியாக வெட்டி, பாதியைக் காலாக வெட்டி, தூளை விரலில் ஒற்றிச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் பழையபடி வாந்தி, மயக்கம், ஆஸ்பத்திரி. ஒரு மாத்திரையின் நொறுங்கலில் என் உயிர் தொங்குகிறது என்று தெரிந்த பிறகு எனக்கு என் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் என்னோடு மலையேறிய உடம்பு, தனக்கு வேண்டியதைச் சுரந்துகொள்ளக்கூட மறந்துபோன உடம்பு.

தெருவுக்கு இதில் ஒரே ஒரு பாடம்தான் தெரிந்தது. "நாங்க அப்பவே சொன்னோம்ல, முதுகுல கத்தி வைக்காதன்னு." ஏழரைச் சனி என்றும் சொன்னார்கள். இவர் சனிக்கிழமைதோறும் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். சனி ஜீப் நிற்கிற இடத்தில் பொட்டலமாகக் கிடைக்கிறது என்று நான் கட்டிலில் கிடந்தபடி கத்தினால் யார் காதில் ஏறுகிறது. இடுப்பு வலி வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போய், ஆபரேஷனுக்குப் பயந்து, ஒரு செட்டு போட்ட இடத்தில் இரண்டு செட்டு போட்டார்கள்.

மதினியிடம் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். டாக்டரைப் பார்த்துக் கேட்டு அளவாகக் குறை, சட்டென்று நிறுத்திவிடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். டாக்டரைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் வேலை போகுமே. அவள் பாட்டுக்கு நிறுத்தினாள். ரெண்டு நாளில் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்து, அவள் மகன் ஓடிப்போய் ஒரு செட்டு வாங்கிக் கொடுத்து எழுப்பியிருக்கிறான். தெளிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். "பாத்தியா மதினி, அதப் போடாட்டித்தான் சீக்கு வருது. ஒன் டாக்டருக்கு என்ன தெரியும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் முகத்தை, அந்த உருண்டைக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் விடிவதற்கு முன்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதில் அவளும் இருந்தாள்.

கடைசியாகத் தேனிக்குப் போனபோது டாக்டர் புதுப் படங்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எலும்பு ஒட்டவில்லை. ஆடுகிற திருகாணியை எடுத்துவிட்டு வேறு போடலாம் என்றால், அதைப் பிடித்துக்கொள்ள எலும்பு இல்லை. மறுபடி திறந்தால் புண் ஆறும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "இன்னொரு ஆபரேஷனத் தாங்குற உடம்பு இல்லம்மா இது" என்றார். நான் முதல் நாள் கேட்டதை அவர் மறக்கவில்லை போலும். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கூட ஒரு ஆள் எப்பவும் வேணும்" என்றார். இவர் சரி என்று தலையாட்டினார்.

அதிலிருந்து அந்த ஆள் இவர்தான். மகளுக்குக் கைக்குழந்தை, வரச்சொல்ல முடியாது. காலையில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, தூக்கிப் படுக்கவைத்துவிட்டு மண்டிக்குப் போவார். அங்கே தார் தூக்குவார். மத்தியானம் ஓடி வந்து மறுபடி என்னைத் தூக்குவார். நான் ஒன்றும் மெலிந்தவள் இல்லை, அந்தச் சின்ன வெள்ளை ஏற்றிவிட்ட சதை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தூக்கும்போதெல்லாம் அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வரும். அது என் காதுக்குப் பக்கத்தில் வரும். அவர் வருவதற்கு முன்னால் நான் தண்ணீரே குடிக்காமல் இருந்து பார்த்தேன். அப்படியும் எத்தனை நேரம் அடக்குவது.

சமீபத்தில் அந்த முனகல் நின்றுபோனது. வெடுக்கென்று தூக்கினார், மெதுவாக இறக்கினார். பழகிவிட்டது போல, உடம்பு தேறிவிட்டது போல என்று நினைத்தேன். பாவி நான் சந்தோஷப்பட்டேன்.

நேற்று மத்தியானம் மண்டியிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பி நின்று எதையோ வாயில் போட்டு, தலையைப் பின்னால் வெட்டி விழுங்கினார். அந்த வெட்டு எனக்குத் தெரியும். ஜீப் கிளம்பும் முன்னால் நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் தலையை வெட்டுவோம்.

"என்னது அது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"கையக் காட்டுங்க."

காட்டினார். கசங்கிய காகிதம் இருந்தது.

நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன அத்தனையையும் சொன்னேன். எலும்பு கரையும் என்றேன், புண் ஆறாது என்றேன், என்னைப் பார்த்துமா உங்களுக்குப் புத்தி வரவில்லை என்றேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஓயும்வரை கேட்டார்.

"சரி ஆத்தா, போடல" என்றார். "நாளைக்கு நீ கூப்புடுறப்ப யாரு வந்து தூக்குவாக?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.  

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தேன். கத்தியதில் வயிறு இன்னும் முட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்துப் பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு வந்து, முனகாமல் என்னைத் தூக்கினார்.